விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து

பென்னாகரம் வட்டத்து ஏரியூர்ப் பக்கம் நிலம் பெரும்பாலும் மானாவாரி. மழையை நம்பிக் கேழ்வரகும் நிலக்கடலையும் போடும் குடும்பத்துக்கு ஓரிரு ஏக்கர்தான் சொத்து. அதைப் பாகம் பிரிக்கும்போது கட்டிக்கொடுத்த மகளுக்கும் சொல்லி அனுப்புவார்கள்: "வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா." தன் பங்கு வேண்டாமென்று அவள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது. அதைக் கேட்பது நியாயமா?

சட்டத்தில் குழப்பமில்லை. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929-இலேயே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு கேட்டது. பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கைத் தமிழ்நாடு 1989-இல் மகளுக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்களை மட்டும் விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. இந்த உரிமை பிறப்பால் வருவது, திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது.

அண்ணன் பக்கமும் நியாயம் உண்டு. பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை செய்து வீட்டுக் கடனை அடைத்தவன் அவன். தங்கைக்கு நகை போட்டதும், அவள் பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் செய்ததும் கணக்கில் வராதா என்று அவன் கேட்பதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான்தானே என்றும் அவன் சொல்வான். ஆனால் அந்த முதியவர்களுக்குக் களி கிண்டிப் போட்டு, படுக்கையில் விழுந்தபின் துடைத்துவிட்டவள் பெரும்பாலும் அந்த வீட்டு மருமகள். அவளும் தன் பிறந்த வீட்டில் இதே கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தவளாக இருப்பாள். அவள் உழைப்பைக் காட்டி இன்னொரு பெண்ணின் பங்கைக் கழிப்பது எந்தக் கணக்கு?

சீர் அண்ணன் மனசு வைத்துச் செய்வது, பங்கு அப்படியல்ல. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயத்தில்தான் பல தங்கைகள் கையெழுத்திடுகிறார்கள். பயந்து விட்டுக்கொடுப்பதைப் பாசம் என்று சொல்வது தவறு.

பத்திரம் எழுதுமுன் தங்கையை உட்காரவைத்து, அவள் பங்கு எவ்வளவு, இன்றைய விலை என்ன என்று சொல்லுங்கள். பெற்றோருக்குச் செலவழித்ததையும் மறைக்காமல் எழுதிக் காட்டுங்கள். நிலத்தைத் துண்டுபோட மனமில்லையென்றால் பணமாகக் கொடுங்கள். தவணையில் கொடுத்தாலும் சரி. சீர் எப்போதும்போல வரும் என்று உறுதி சொல்லுங்கள். அத்தனையும் கேட்டபின் அவளாக வேண்டாமென்றால் மட்டும் கையெழுத்தை வாங்குங்கள்.