மூன்று விதிகளும் ஒரு கண்ணாடியும்

காட்டுப்பள்ளியில் 2010இலிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. பேர் மீஞ்சூர் ஆலை, நிற்பது காட்டுப்பள்ளிக் கரையில். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்கும் திறனோடு கட்டியது. கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி உப்பைப் பிரிப்பார்கள். அந்த உப்புக் கரைசல் கடலுக்கே திரும்பிப் போகும், மிச்சம் குழாயில் நம் பக்கம் வரும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கும் என் சித்தி பையன், திருவொற்றியூர் வீட்டில் குழாய்த் தண்ணீரை இன்னொரு தரம் ஆர்ஓ மெஷினில் விட்டு, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் பாக்கெட் உப்பைக் கலந்து அதை மறுபடியும் கடலாக்குகிறான். அவன் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். ஒரு குடம் அள்ளி ஊத்தினா என்னடா என்றால், "நம்ம கடல் தண்ணியா? மீன் தாங்காதுண்ணா" என்கிறான்.

அந்த நாலடித் தொட்டிக்கு அவனுக்கு ஒரு மீன் கூட்டம் வேண்டும். கோமாளி மீன், பேர் தெரிந்த மீன், நாய்க்குட்டி மாதிரி பழகுகிற மீன் எதுவும் வேண்டாம். ஒரே நொடியில் எல்லாம் சேர்ந்து திரும்பணும், அவ்வளவுதான். இப்படிக் கேட்கிறவர்களுக்குக் கடைக்காரர்கள் கைகாட்டுவது கிரீன் குரோமிஸ். விரல் நீளம், பச்சையும் நீலமும் கலந்த மினுக்கு, மற்ற கடல் மீன்களோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. "ஏழு வாங்கட்டுமாண்ணா?" என்று கேட்டான். ஆமாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் ஏழு ஏழாகவே இருப்பது அபூர்வம். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. முதல் சில வாரம் கூட்டம் அழகாகத்தான் இருக்கும். பிறகு இருப்பதிலேயே பெரியது, இருப்பதிலேயே சின்னதைத் துரத்த ஆரம்பிக்கும். துரத்துப்பட்டது மேல்மூலையில் பம்புக்குப் பக்கத்தில் ஒண்டும். சாப்பாட்டுக்கு இறங்காது. துடுப்பு கிழிந்து, வயிறு ஒட்டி, ஒரு காலையில் காணாமல் போகும். அடுத்து ஆறில் சின்னது. சில மாதங்களில் ஒன்றே ஒன்று மிஞ்சும், நல்ல கொழுகொழுவென்று. நோயும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது, எல்லா வீட்டிலும் இப்படியே நடப்பதில்லை, பெரிய தொட்டியில் நிறைய மீன் விட்டால் சண்டை பரவலாகி உக்கிரம் குறையும். ஆனாலும் நாலடித் தொட்டியில் ஏழு குரோமிஸ் என்பது, பொதுவாகச் சொன்னால், மெதுவாக நடக்கிற ஒரு கொலைவரிசை.

இதே மீன் பவளப்பாறையில் பத்து இருபதாகவும் நூற்றுக்கணக்காகவும் சேர்ந்து வாழ்கிறது. கிளைவிட்ட பவளத்துக்கு மேலே மிதந்தபடி பகலெல்லாம் மிதவை உயிரிகளைக் கொத்தித் தின்னும். பெரிய மீனின் நிழல் விழுந்தால் மொத்தக் கூட்டமும் கிளைகளுக்குள் மறைந்துவிடும். அங்கே பரம சாதுவான மீன் இங்கே ஏன் இப்படி?

எனக்குக் கூட்டம் என்பது முதலில் நிரலாகத்தான் அறிமுகம். 1987இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்பவர் பறவைக் கூட்டத்தையும் மீன் கூட்டத்தையும் கணினித் திரையில் நகரவைக்க மூன்று விதிகள் போதும் என்று காட்டினார். பக்கத்திலிருப்பவனை இடிக்காதே, அவன் போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை நோக்கி நகர். தலைவன் இல்லை, திட்டம் இல்லை. இன்ஜினியரிங் படிக்கும்போது அதை எழுதி ஓடவிட்டு ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்குப் பதினாறு வருஷம் முன்னால், 1971இல், உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் இன்னும் கறாராக ஒன்றைச் சொல்லியிருந்தார். கூட்டத்தில் ஒவ்வொருவனும் செய்வது, தனக்கும் ஆபத்துக்கும் நடுவில் இன்னொருவனை நிறுத்தப் பார்ப்பதுதான். நாம் ரசிக்கிற அந்தத் திரும்பல், பயத்தின் வடிவம்.

இதிலிருந்து பலர் சட்டென்று ஒரு முடிவுக்குத் தாவுகிறார்கள். தொட்டியில் எதிரி இல்லை, பயம் இல்லை, அதனால் ஒற்றுமை இல்லை. மீனின் 'நிஜ சுபாவம்' வெளியே வந்துவிட்டது என்று. எதிரி இல்லாத சமூகம் உடைந்துபோகும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கும் பிடித்த தர்க்கம் இது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

2016இல் லாரன் நாட்லரும் உடன் ஆய்வாளர்களும் இதே குரோமிஸை வைத்து ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். கூட்டாளிகளைப் பார்க்கவும் முகரவும் முடிகிற மீன், தனியாக இருக்கும் மீனைவிட, சும்மா இருக்கும்போது கால் பங்கு குறைவான ஆற்றலில் உயிர்வாழ்கிறது. ஒரு வாரம் தனியே வைத்த மீன் இளைத்துப்போகிறது. அதாவது கூட்டாளி என்பவன் வெறும் கேடயம் இல்லை. அவன் பக்கத்தில் இருப்பதே ஆசுவாசம். பயத்தில் தொடங்கிய ஏற்பாடாகவே இருக்கட்டும், உடம்பு அதை நிம்மதியாகத்தான் கணக்கு வைத்திருக்கிறது. அப்படியானால் ஏழில் மிஞ்சிய அந்தக் கொழுத்த ஒன்றும் ஜெயிக்கவில்லை.

அப்போது தொட்டி எதை எடுத்துவிடுகிறது? நான் எழுதிய அந்த நிரலில் பதில் இருந்தது என்று நினைக்கிறேன். திரையின் வலது ஓரத்தில் வெளியேறிய மீன் இடது ஓரத்தில் நுழையும்படி எழுதுவோம். சுவர் கிடையாது. கல்லூரியில் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம், வேலை சுலபம். சுவர் வைத்தால் மூலைகளில் புள்ளிகள் குவிந்து அசிங்கமாகும், அதற்கென்று நாலாவது விதி எழுதவேண்டி வரும். கடலில் துரத்துப்படுகிற குரோமிஸ் இரண்டு மீட்டர் தள்ளி வேறொரு கிளைக்குப் போய்விடலாம், துரத்தியதும் அத்தோடு விட்டுவிடும். தொட்டியில் தோற்றவன் தோற்றபடியே ஜெயித்தவனின் கண்முன்னால் இருக்க வேண்டியிருக்கிறது. இன்னும் போகவில்லையே என்று அது மறுபடி துரத்துகிறது. சுபாவம் மாறவில்லை. வெளியே போகும் வழி மட்டும் இல்லாமல் போயிருக்கிறது.

இங்கே எனக்குப் பாடு ஞாபகம் வருகிறது. காட்டுப்பள்ளி ஒரு நீள மணல்திட்டு. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. அதே திட்டில் வடக்கே போனால் பழவேற்காடு. அந்த ஏரியில் மீன்பிடிக்கும் சில ஊர்களில் பாடு என்றொரு வழக்கம் தலைமுறைகளாக உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாது. ஏரிக்கு எல்லை இருக்கிறது, எல்லை இருக்கிற இடத்தில் முறை வேண்டியிருக்கிறது என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். இதை ரொம்பவும் புனிதமாக்கவும் வேண்டாம். பாட்டு உரிமை இல்லாத ஊர்களும் சாதிகளும் அந்த முறைக்கு வெளியேதான் நின்றார்கள். இருந்தாலும் மனுஷன் சுவரைப் பார்த்ததும் நாலாவது விதியை எழுதப் பார்த்தான். மீனுக்கு அது முடியாது. சுவரை வைத்தவன்தான் எழுதியாக வேண்டும்.

அவனால் என்ன எழுத முடியும்? முரட்டு மீனைப் பிடித்து வெளியே போட்டால், அடுத்த பெரியது அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். கொஞ்சம் பெரிய, மிரட்டுகிற மீன் ஒன்றைத் தொட்டியில் சேர்த்தால் குரோமிஸ் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு யோசனையும் சுற்றுகிறது. சில இடங்களில் பலிக்கவும் செய்யலாம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் மோசமாகப் படுகிறது. கடலில் வேட்டைமீன் வரும், போகும், கூட்டம் மறுபடி தளர்ந்து மேயும். இங்கே அது போகவே போகாது. சோபாவில் உட்கார்ந்து நாம் ரசிக்க, இருபத்துநாலு மணி நேரப் பயம்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. அவனிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. "2023 டிசம்பர்ல புயலுக்கு அப்புறம் எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் வந்துச்சே, அப்ப அந்த மீனுங்க எங்கண்ணா வெளியே போச்சு? வெளிய போக வழி இருந்தா மட்டும் போதுமா?"

நியாயமான கேள்வி. எண்ணெய் படிந்த கழிமுகமும் ஒரு தொட்டிதான், அதைச் செய்தவர்கள் வேறு என்பதைத் தவிர. ஆனால் குரோமிஸ் எண்ணூரிலிருந்து தப்பி அவன் வீட்டுக்கு வரவில்லை. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி எங்கோ ஒரு பவளப்பாறையில், வெளியே போகும் வழியோடு இருந்தபோது பிடிபட்டது. இங்கே கடல் கெட்டுக்கிடப்பது அதைப் பிடிக்கக் காரணமாகாது.

மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அந்த மாதிரி வளர்ப்புக் குஞ்சுகளில் ஒரு ஜோடி வாங்கச் சொன்னேன். கடலிலேயே ஒரே ஒரு சாமந்தியைச் சுற்றி, சில அடி தாண்டாமல் ஆயுளைக் கழிக்கிற மீன் அது. நாலடி அதற்கு அவ்வளவு பெரிய பொய் இல்லை.

"அது கூட்டமா திரும்பாதே," என்றான்.

திரும்பாது. கூட்டம் பார்க்கணும்னா சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வரும்போது கழிமுகத்துப் பாலத்துல வண்டிய நிறுத்து, மடவைக் குஞ்சுங்க மேலாப்புல வரும், கொக்கு இறங்கும்போது பாரு என்றேன். ஏழா எட்டா என்று எண்ண முடியாது, அதுவும் நல்லதுக்குத்தான். இன்னும் எதையும் வாங்கவில்லை. தொட்டியில் இப்போதைக்குப் பாறையும் உப்புத்தண்ணியும் பம்புச் சத்தமும்தான்.