நெருப்புக் குதிரையும் ஞானஸ்நானப் பதிவேடும்



சில வாரங்களுக்கு முன் ஒரு பெண்கள் பாடசாலையின் சித்திரக் கண்காட்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள். நாடா வெட்டி, நாலு வார்த்தை பேசி, தேநீர் குடித்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன். இரண்டரை மணித்தியாலம் நின்றேன். அங்கு கண்டவற்றையும், அதன்பின் என் நித்திரையைக் கெடுத்த ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

உயர்தர வகுப்பில் சித்திரம் பயிலும் மாணவியர், ஆசிய மக்களின் பழைய நம்பிக்கைகள் என்ற பொருளை எடுத்து, ஆளுக்கொரு நம்பிக்கையைத் தெரிந்து, அதைக் கண்ணாற் காணும் ஒரு வடிவமாகச் செய்து வைத்திருந்தார்கள். ஆசிரியை விதித்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று. கேலி செய்யக் கூடாது; அந்த நம்பிக்கைக்குள் இருக்கும் மனிதன் எதற்குப் பயப்படுகிறான், எதற்கு ஆசைப்படுகிறான் என்பது பார்ப்பவருக்கு விளங்க வேண்டும். நல்ல நிபந்தனை. பிரசங்கம் செய்யும் எங்களுக்கும் யாராவது அதை விதித்தால் நல்லது.

வாசலிலேயே கடதாசி மட்டையில் ஒரு லிப்ற். அதன் பொத்தான்களில் 3க்குப் பின் 5 வந்தது, 4 இல்லை. சீனரின் மொழியில் நான்கு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலியுடையவை. யப்பானியரிடத்தும் கொரியரிடத்தும் அவ்வாறே. ஆகவே ஹொங்கொங்கின் பல கட்டடங்களில் நாலாம் மாடி என்று ஒன்று இல்லை. கொரியாவில் அந்த இடத்தில் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டுச் சமாளிப்பார்கள். அடுத்த மேசையில் யப்பானியரின் தருமா பொம்மை. கண் வரையாமல் விற்கப்படும் பொம்மை அது. வாங்கியவர் ஒரு காரியத்தை மனதில் நேர்ந்து ஒரு கண்ணை வரைவார். காரியம் கைகூடினால் மறு கண்ணையும் வரைவார். அதற்கப்பால், நாளைய தினம் வெயில் எறிக்க வேண்டும் என்று யப்பானியச் சிறுவர்கள் யன்னலில் தொங்கவிடும் வெள்ளைத் துணிப் பொம்மை. துருக்கியரின் நீலக் கண்மணி. நமது நாட்டுத் தென்பகுதிச் சிங்கள மக்கள் நோய்க்கொரு முகமாகச் செய்துவைத்த பதினெட்டுச் சன்னி முகமூடிகளில் இரண்டு. அதன் பக்கத்திலே, புதுவீடு கட்டும்போது முன்னால் தூக்கிவைக்கும் நம்மூர் வெருளி. கடைசியாக, செத்தல் மிளகாயும் உப்பும் பொத்திப் பிடித்து நாவூறு கழிக்கும் ஒரு கிழவியின் கை. கை மாத்திரம், களிமண்ணில்.

அந்தக் கையின் முன் நான் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன். என் அப்பாச்சிக்கும் அப்படி ஒரு கை இருந்தது. மாலையில் செபமாலை உருட்டிய அதே கைதான், எனக்குக் காய்ச்சல் என்றால் மிளகாயையும் உப்பையும் எடுத்து மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடும். குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு விடுமுறைக்கு வந்து, இது பாவம் என்று அவவுக்கு விளக்கினேன். அவ முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி மோனை, நீ படிச்சனி" என்றா. அடுத்த நாள் நான் தும்மியபோது மிளகாய் மணந்தது.

என் பக்கத்தில் நின்ற ஒரு தகப்பனார் லிப்ற்றைப் பார்த்துச் சிரித்து, "படிச்ச சனம் பாத்த வேலையைப் பாருங்கோ பாதர்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது, வேறு காரணத்துக்காக. 'இந்தச் செபத்தைப் 13 பேருக்கு அனுப்புங்கள், அனுப்பாவிட்டால் துன்பம் வரும்' என்று கைத்தொலைபேசியில் எனக்கு வரும் செய்திகளில் பாதி அவரிடமிருந்துதான் வருகின்றன. முன்பு இவை தபாலில் வந்தன. முத்திரைச் செலவாவது இருந்தது.

இவ்வளவும் முன்னுரை. கண்காட்சியின் கடைசி மூலையில் இருந்ததைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

அங்கே கூரையிலிருந்து வெள்ளை நூல்கள் மூன்று கூட்டங்களாகத் தொங்கின. நூல் ஒவ்வொன்றின் நுனியிலும் கடதாசியில் மடித்த ஒரு கொக்கு. ஒரு கொக்கு பத்தாயிரம் குழந்தைகளுக்குக் கணக்கு. முதற் கூட்டம் 1965ஆம் ஆண்டு, 182 கொக்குகள். மூன்றாம் கூட்டம் 1967ஆம் ஆண்டு, 194 கொக்குகள். நடுவில் 1966. அதில் 136 கொக்குகள் மாத்திரமே இருந்தன. மிகுதி 46 நூல்கள் வெறும் நூல்களாக, மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அவை யப்பான் தேசத்தின் பிறப்புக் கணக்குகள். 1965இல் 18 இலட்சத்து 23 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்த அந்த நாட்டில், அடுத்த ஆண்டு 13 இலட்சத்து 61 ஆயிரம் பிள்ளைகளே பிறந்தார்கள். அதற்கடுத்த ஆண்டு 19 இலட்சத்தையும் தாண்டிற்று. யுத்தமில்லை, பஞ்சமில்லை, கொள்ளைநோயில்லை. அந்த ஆண்டின் பெயர்தான் காரணம். நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடச் சக்கரம் இருப்பதுபோல, சீனரிடமிருந்து யப்பானியர் பெற்ற கணக்கிலும் அறுபது ஆண்டுக்கொருமுறை சுற்றிவரும் ஒரு சக்கரம் உண்டு. அதில் 'நெருப்புக் குதிரை' ஆண்டு ஒன்று. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், கணவனின் உயிருக்கு ஆகாதவள் என்பது நம்பிக்கை. தன் காதலனைக் காண்பதற்காகத் தீ வைத்த குற்றத்துக்கு 1683இல் எடோ நகரில் உயிருடன் எரிக்கப்பட்ட ஓஷிச்சி என்ற காய்கறிக் கடைக்காரர் மகள், 1666ஆம் ஆண்டு, நெருப்புக் குதிரையில் பிறந்தவள் என்று கதை சொல்லும். அந்தக் கதை நாடகமாகி, நாடு முழுவதும் பரவிற்று. 1906இல் பிறந்த பெண்கள் கலியாணச் சந்தையில் அதற்கு விலை கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1906இலும் பிறப்புகள் குறைந்தன, ஆனால் சிறிதளவே. 1966இலோ நாலில் ஒரு பங்கு குறைந்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் அந்த நாட்டில் எழுத்தறியாதவர் இல்லை என்ற நிலை வந்துவிட்டது. 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விழா நடந்துவிட்டது. உலகமே வியந்த அதிவேக ரயிலும் அதே ஆண்டில் ஓடத் தொடங்கிவிட்டது. படிப்பு வந்தால் மூடநம்பிக்கை போய்விடும் என்றுதானே நாம் எல்லோரும் மேடைகளில் பேசுகிறோம்? படிப்பும் மருத்துவமும் வந்தன, பயம் போகவில்லை. பயத்தின் கையில் கருத்தடையும் கருக்கலைப்பும் கருவிகளாகக் கிடைத்தன, அவ்வளவுதான். கொரியாவில் இதனிலும் கொடுமை. 1990 அங்கே 'வெள்ளைக் குதிரை' ஆண்டு. அந்த ஆண்டில் 100 பெண்குழந்தைகளுக்கு 116.5 ஆண்குழந்தைகள் பிறந்தன. இயற்கையில் அது 105 அளவில் நிற்கும். வயிற்றிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று காட்டும் கருவி அப்போது வந்திருந்தது. மிகுதியை நான் எழுதத் தேவையில்லை.

யப்பானில் 1966இல் பிறந்த பெண்களில் ஒருவர் கிக்கோ. 1990இல் சக்கரவர்த்தியின் இளைய மகனை மணந்தார். 2006இல் அவர் பெற்ற மகன், அரச குடும்பத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் பிறந்த முதல் ஆண்பிள்ளை. நெருப்புக் குதிரையை மணந்த அந்தக் கணவர் உயிரோடிருந்து, 2020இல் பட்டத்து வாரிசாகவும் பிரகடனம் செய்யப்பட்டார். சக்கரம் மறுபடி சுற்றி, 2026இல் அதே ஆண்டில் வந்து நிற்கிறது.

அந்த நூல்களைக் கட்டிய மாணவியிடம், "ஏன் பிள்ளை இதைத் தெரிந்தெடுத்தாய்?" என்று கேட்டேன். சம்பிரதாயமான கேள்விதான். அவள் என்னைப் பாராமல், நூல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்ர அக்காவுக்கு மூல நட்சத்திரம், பாதர். மூண்டு சம்பந்தம் குழம்பிப் போச்சு. மூண்டும் எங்கட சபைக் குடும்பங்கள்தான்."

(அவளிடமும் அக்காவிடமும் கேட்டே இதை எழுதுகிறேன். ஊரும் பேரும் தேட வேண்டாம்.)

ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று நம்மவர் சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது; ஆயிலியத்துப் பெண் மாமியாருக்கு; கேட்டை கணவனின் மூத்த சகோதரனுக்கு; விசாகம் இளைய சகோதரனுக்கு. 27 நட்சத்திரங்களில் நான்கு இப்படிப் போகின்றன. செவ்வாய்க் குற்றத்தைச் சேர்த்தால் கணக்கு இன்னும் பெருகும். ஒரே நட்சத்திரம், ஒரே வானம். ஆணுக்கு அது கிரீடம், பெண்ணுக்கு அது குற்றப்பத்திரிகை. நெருப்புக் குதிரையும் அப்படியே; ஆண்பிள்ளைகளை அது உதைப்பதில்லை. வானத்திலுள்ள பொருள்களுக்கு மாப்பிள்ளை வீட்டாரின் வசதி எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இனி நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், மதிப்பான ஒரு குடும்பத் தலைவர் என்னிடம் வந்து, இன்ன பெண்ணின் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்கலாமா என்று கேட்டார். சம்பந்தம் பேசுகிறார்கள், வயதைச் சரிபார்க்கிறார்கள் என்று எண்ணி, பதிவேட்டை விரித்துக் காட்டினேன். பிறந்த திகதியைக் குறித்துக்கொண்டு போனார். நேரம் இல்லாவிட்டாலும் திகதி போதும். பழைய பஞ்சாங்கத்தில் நட்சத்திரத்தைப் பார்த்துவிடலாம். சம்பந்தம் நின்றுபோயிற்று. சாத்திரியாரிடம் போன செய்தி எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பிள்ளையை இறைவனின் பிள்ளை என்று எழுதிவைத்த அதே ஏட்டிலிருந்துதான் அவளுக்கு எதிரான சாட்சியும் எடுக்கப்பட்டது. எடுத்துக் கொடுத்தவன் நான். அப்போதும் நான் அந்தக் குடும்பத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருநாள் நெருங்கியிருந்தது, அவர் திருநாட் சபையில் முக்கியமானவர்.

அன்றிரவு என்னை அலைக்கழித்த கேள்வி இதுதான். தீங்கற்ற மூடநம்பிக்கை என்று ஒன்று உண்டா?

புனித தோமஸ் அக்குவினாஸ், மூடபக்தியை நம்பிக்கைக் குறைவு என்று சொல்லவில்லை. சமயப் பண்புக்கு மிகையால் வரும் குற்றம் என்றே வகுத்தார். செலுத்தத் தகாததற்கு வணக்கம் செலுத்துவதும், தகாத முறையில் செலுத்துவதும் அது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இன்னும் நெருக்கமாக வருகிறது: செபத்துக்கும் சடங்குக்கும், உள்ளத்தின் நிலையைக் கவனியாது, வெளிச்செயலளவிலேயே வல்லமை உண்டென்று எண்ணுவதும் மூடநம்பிக்கையே என்கிறது. ஆகவே அந்தோனியார் மெடல் அணிந்தவனும் தருமாவுக்குக் கண் வரைந்தவனும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஆனால் தீர்ப்புச் சொல்லும் நாமும் அவசரப்படக் கூடாது. சீனர் தம் முன்னோருக்குச் செய்த மரியாதையை உரோமாபுரி 1715இலும் 1742இலும் தடைசெய்தது. 1939இல்தான் அது நீங்கிற்று. தாயின் படத்துக்கு முன் தலை வணங்கியதற்காக எத்தனை தலைமுறை வருந்தியது! நம் தமிழரின் பூணூலையும் சந்தனத்தையும் பற்றி மதுரையில் வாதாடி 1623இல் அனுமதி பெற்ற றொபேட் டி நொபிலி சுவாமியார், தம் முதுமையில் யாழ்ப்பாணத்திலும் சில காலம் வாழ்ந்தவர். அவர் இருந்திருந்தால் அந்தக் களிமண் கையைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்கலாம் என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. பல்லி சொல்லிற்றென்று பயணத்தை நிறுத்துகிறவர் தம் பஸ்சைத் தவறவிடுகிறார். அது அவர் செலவு. வெயிலுக்காகப் பொம்மை தொங்கவிடும் பிள்ளைக்கு ஒரு துண்டுத் துணி செலவு. மூலத்துப் பெண்ணை ஒதுக்குகிறவரோ தம் பயத்துக்கு இன்னொருத்தியின் வாழ்வைச் செலவு செய்கிறார். முன்னையது அறியாமை, பின்னையது அநீதி. இந்த வேறுபாடு உண்மையானது. அதை நான் விடமாட்டேன்.

என்றாலும் அது முழுப் பதிலல்ல. கலியாண வீட்டில் மாப்பிள்ளை படி இறங்கும்போது, யாரும் சொல்லாமலே அறைக்குள் ஒதுங்கி நின்ற என் விதவை மாமியை நினைக்கிறேன். முழுவியளம் பிழைத்துவிடுமாம். நற்கருணை வாங்க முதல் வரிசையில் போகிறவ, படலைக்கு முன் வரக் கூசினா. அவவுக்கு அதைக் கற்பித்தது யார்? நாவூறு கழித்த அதே அன்பான வீடுதான். சிறிய பயங்களில் பழகிய மனம் பெரிய பயத்துக்கு முன் கேள்வி கேட்பதில்லை. அப்படியானால் அப்பாச்சியின் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டுமா? எனக்கு மனம் வரவில்லை. வாசகர்களே, இன்றும் வரவில்லை. அந்தக் கையில் இருந்தது, பிள்ளையைச் சாவுக்குக் கொடுக்க மாட்டேன் என்ற பிடிவாதம். மூலத்தை ஒதுக்குகிறவர் கையில் இருப்பது தன்னைப் பற்றிய கவலை மாத்திரம்.

நட்சத்திரத்தைப் பற்றி அறிவுபூர்வமான பதில் வேண்டுவோருக்கு அது பழைய பதில். வாலிப வயதில் சோதிடரை நாடித் திரிந்த புனித அகுஸ்தீனார், செல்வர் வீட்டிலும் அடிமை வீட்டிலும் ஒரே கணத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளின் கதையை நண்பரிடம் கேட்டு, அந்தக் கலையைக் கைவிட்டார். ஒரே சாதகம், ஒருவன் பிரபு, மற்றவன் அடிமை. பதினாறு நூற்றாண்டுகளாக இந்தப் பதில் நம்மிடம் இருக்கிறது. இருந்தும் சாதகக் குறிப்புகள் வட்சப்பில் கனடாவுக்கும் லண்டனுக்கும் பறக்கின்றன, நாள்தோறும் திருப்பலி காணும் வீடுகளிலிருந்தும். கேட்டால், "எங்களுக்கு நம்பிக்கையில்லை பாதர், மற்றப் பகுதி கேக்கும்" என்பார்கள். மற்றப் பகுதியும் அதையே சொல்கிறது.

கண்காட்சி முடிந்து பத்து நாளிருக்கும். பங்குப் பணிமனைக்கு ஒருவர் வந்தார். ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, ஞானஸ்நானப் பதிவைப் பார்க்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான், பாதர்" என்றார். பிள்ளையோ பெற்றோரோ கேட்டால் தருவேன், வேறு எவருக்கும் காட்டமாட்டேன் என்று சொல்லி, ஏட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அவர் கோபிக்கவில்லை. கதிரையை விட்டு எழுந்து, "அதுக்கென்ன பாதர், பள்ளிக்கூடத்தில எடுப்பம்" என்று சொல்லிவிட்டுச் சயிக்கிளை எடுத்தார்.