சத்தத்தைக் குறைக்கும் உரிமை

மெய்நிகர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்ட யாரும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு முறையாவது பின்னால் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். பின்னால் ஒரு கதவு கிரீச்சிட்டிருக்கும். இருப்பது காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர். அதில் 'பின்னால்' எங்கிருந்து வந்தது?

இடம், வலம் கண்டுபிடிப்பது எளிது. பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒரு காதை அடைந்து, மறு காதை அடைய ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாகத்தான் ஆகும். மூளைக்கு அது போதும். ஆனால் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் வரும் ஒலிக்கு இந்த வித்தியாசம் கிடையாது. அங்கே உதவுவது காது மடலின் மடிப்புகள். கீச்சென்ற உயர் அதிர்வெண்களை அவை திசைக்குத் திசை வேறு மாதிரி வடிகட்டும். ஸ்டீம் ஆடியோ போன்ற மென்பொருட்கள் இந்த வடிகட்டலைக் கணக்காகச் செய்கின்றன. நாம் தலையைத் திருப்பினால் ஒலியை எதிர்ப்பக்கம் நகர்த்திவிடுகின்றன.

கணக்குக்கு ஒரு காது வேண்டுமே, யாருடைய காது? 1994-ல் எம்ஐடியில் கேமார் என்ற பொம்மைத் தலைக்குள் மைக் வைத்து அளந்தார்கள். அமெரிக்கர்களின் சராசரி அளவில் செய்த பொம்மை அது. பல வருடங்களுக்கு ஊர் உலகமெல்லாம் அந்தக் காதில்தான் கேட்டது. ரெடிமேட் சட்டை மாதிரி. சிலருக்குப் பொருந்தும், சிலருக்குத் தோளில் இடிக்கும்.

நான் இதை வைத்துச் செய்ய நினைத்தது ஒரு விசைத்தறிப் பட்டறை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்குத் தறிச் சத்தம் என்பது சத்தமே இல்லை, அது காற்று மாதிரி. கரண்ட் போனால்தான் தெருவே திடுக்கிடும். பெரியப்பா முப்பது வருஷம் தறி ஓட்டியவர். எட்டுத் தறிக்கு நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தார் மாற்றுவார்; பின்னால் மூன்றாவது தறியில் நாடா தடுமாறினால் திரும்பாமலே தெரியும். அந்த வாழ்க்கையைச் சென்னையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காட்டிவிடலாம் என்பது என் திட்டம்.

2015-ல் கிறிஸ் மில்க் ஒரு டெட் உரையில் மெய்நிகர் கருவியைப் பரிவை உண்டாக்கும் இயந்திரம் என்றார். ஜோர்டானின் சாத்தாரி அகதி முகாமில் வாழும் சிட்ரா என்ற சிறுமியைப் பற்றி அவர்கள் எடுத்த படம் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. உளவியலாளர் பால் புளூம் இதை ஏற்கவில்லை. நினைத்த நேரத்தில் கழற்றி வைக்க முடிகிற அகதி வாழ்க்கை அகதி வாழ்க்கை ஆகுமா என்பதுதான் சாரம். நானும் அவர் பக்கம்தான். ஆனால் காட்சியை விட்டு ஒலிக்கு வந்தால் இந்தக் கேள்வி இன்னும் கறாராகிவிடுகிறது. ஒலிக்கு ஒரு எண் உண்டு.

நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்குச் சொல்லும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் அதைத் தாண்டுவது சாதாரணம். ஷிப்டோ பல இடங்களில் 12 மணி நேரம். இதை உள்ளபடியே ஹெட்செட்டில் தினமும் கேட்கவைத்தால் கேட்பவரின் காது கெடும். குறைத்துக் கொடுத்தால்? பட்டறையில் இல்லாத ஒரே பொருளை, அந்த வால்யூம் பட்டனை, நான் கையில் கொடுத்துவிடுகிறேன். சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்தி ஓய்ந்து, கடைசியில் சைகைக்கும் உதட்டசைவுக்கும் போய்ச்சேர்ந்த மனிதர்களின் உலகம் அதில் எப்படி வரும்?

"கொஞ்ச நேரத்துக்கு மட்டும் நிஜ அளவில் வைக்கலாமே" என்றார் நண்பர் ஒருவர். வைக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த இரண்டு நிமிடம் ஒரு சாகசமாகிவிடும். ஏற்காடு மலைப்பாதையில் வேகமாக வண்டி ஓட்டிவிட்டு வந்து சொல்கிற கதை மாதிரி. பெரியப்பாவின் முப்பது வருஷம் சாகசம் கிடையாது.

இதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. தொடர் இரைச்சல் காதில் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் சுற்றியுள்ள பகுதியை. காலப்போக்கில் அது அக்கம்பக்கமும் பரவும். பேச்சு கேட்கும், வார்த்தை பிடிபடாது. முன், பின், மேல், கீழ் என்று காட்ட மென்பொருள் பெரிதும் நம்பியிருப்பதும் ஏறக்குறைய அங்கே தொடங்கி மேலே போகும் அதிர்வெண்களைத்தான். ஆக, தறிப்பட்டறையை முப்பரிமாணத்தில் அச்சு அசலாகச் செய்துவிட்டாலும், அதைச் சரியாகக் கேட்க முடியாதவர் தறி ஓட்டியவராகத்தான் இருப்பார். அவர் வாழ்க்கையின் ஒலி, அவரைத் தவிர மற்றவர்களுக்கு.

அதற்காக வேலையைக் கைவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியப்பா பட்ட பாட்டைத் தருகிறேன் என்று சொல்லாமல், அவருக்குத் தெரிந்ததைத் தரலாம். இப்போது என்னிடம் இருப்பது அடங்கிய ஒலியில் ஓடும் எட்டுத் தறிகள். கேட்பவர் எந்தத் தறியில் கோளாறு என்று முதுகுப் பக்கத்துச் சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டும். என்னால் இன்னும் பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. அது ஒரு படிப்பு என்பது அப்போதுதான் உறைக்கிறது. 'அனுபவம்' என்ற சொல்லை மட்டும் விவரக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.

தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது. பெரியப்பாவுக்கு மாட்டிவிட்டேன். இடப்பக்கம், வலப்பக்கம் சரியாகக் கை காட்டினார். பின்பக்கத் தறிகளையெல்லாம் முன்னால் என்றார்.

"சத்தமே பத்தல கண்ணு. இன்னுங் கொஞ்சம் ஏத்து, அப்பத் தெரியும்."

ஏற்றினால் தெரியலாம், தெரியாமலும் போகலாம். மிச்சமிருக்கிற காது அவருடையது. முப்பது வருஷம் அவரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. இப்போது அவரே கேட்கும்போது மறுக்க நான் யார் என்றும் இருக்கிறது. ஒரு கோடு மட்டும் ஏற்றினேன்.

"இன்னும்" என்றார்.