விளையாட்டை ஆக்குவோன் பொறுப்பு

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினான். நிரலாக்கம் அவனுக்கு ஓரளவு கைவந்திருக்கிறது; கணினி விளையாட்டுகளை ஆக்குவதே அவன் ஆசை. அதற்கென்றே அமைந்த கல்லூரியை நாடுவதா, பொதுவான கணினி விஞ்ஞானத்தைப் பயில்வதா என்பது அவன் கேள்வி.

விளையாட்டும் ஒரு படிப்பா என நகைப்போர் உளர். நாடகத்தையும் நாவலையும் பார்த்து ஒரு காலத்தில் இவ்வாறே நகைத்தனர். அந்த நகைப்பில் நாம் பங்குகொள்ளோம்.

இரு வழிகளுக்கும் சான்றுண்டு. அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரிலுள்ள டிஜிபென் கல்லூரி மாணவர் சிலர் 2005இல் ஆக்கிய சிறு விளையாட்டே அவர்களை வால்வ் நிறுவனத்துக்கு இட்டுச்சென்று, 2007இல் 'போர்ட்டல்' என வளர்ந்தது. கணினி விஞ்ஞானம் பயின்ற எரிக் பரோனோ, தனியொருவராக நான்காண்டுகளுக்கு மேல் உழைத்து, நிரல், ஓவியம், இசை, கதை யாவும் தாமே அமைத்து, 2016இல் 'ஸ்டார்டியூ வாலி'யை வெளியிட்டார். ஆகவே எந்த வாயிலால் நுழைவது என்பது பெரிதன்று. செய்து காட்டிய ஆக்கமே பேசும். எனினும் நிரலாக்க அடிப்படை வலுவாயின், இத்துறை கைவிட்டாலும் வேறு தொழில் கிட்டும். ஏழை வீட்டுப் பிள்ளை இதனை எண்ணியே தீரவேண்டும்.

நிற்க, அவன் கேளாத கேள்வி ஒன்றுண்டு: கற்ற திறன் யாருக்கு, எதற்கு?

காசு கொடுத்துத் திறக்கும்வரை உள்ளிருப்பது தெரியாத பரிசுப் பெட்டிகளைச் சில விளையாட்டுகள் விற்றன. அது சூதாட்டமே என 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு முடிவு செய்தது. அப்பெட்டிக்கு நிரல் எழுதியவனும் படித்த இளைஞனே. மாறாக, 2013இல் லூகாஸ் போப் ஆக்கிய 'பேப்பர்ஸ், பிளீஸ்' நம்மை எல்லைச்சாவடி அதிகாரியாக அமர்த்துகிறது. சட்டப்படி முத்திரை குத்தினால் கணவனும் மனைவியும் பிரிகின்றனர். மீண்டும் மீண்டும் இரங்கினால் நம் கூலி குறைந்து நம் வீடு பட்டினியாகிறது. ஆடுபவனின் மனச்சாட்சியே அங்கு ஆடுகளம்.

நுட்பத்தை முதலிற் கற்போம், அறத்தைப் பின்னர் பார்ப்போம் என்பது இங்கு பொருந்தாது. விதி வகுப்பதே இக்கலை. அவ்விதி எதற்குப் பரிசளிக்கிறது, எதைத் தண்டிக்கிறது என்பதிலேயே அறம் அடங்கியுள்ளது.

கூலிக்கு உழைப்பவன் முதலாளியின் கட்டளையை மறுக்க வல்லனோ எனக் கேட்கலாம். தனித்து மறுத்தல் அரிதே. ஆயினும் தன் கை செய்வது இன்னதென்று அறிந்தவனே, மற்றவரோடு சேர்ந்தேனும் ஒருநாள் மறுப்பான். அறியாதவனுக்கு அந்த நாளும் இல்லை.

எனவே அம்மாணவனுக்கு நாம் கூறியது இதுவே: கல்லூரியை உன் வசதி நோக்கித் தேர்ந்துகொள், நிரலோடு மனிதரையும் படி.