துணி மட்டும் பதிந்த படம்

பண்ருட்டி என்றதும் பலாதான் நினைவுக்கு வரும். மண் பொம்மைக்கும் பெயர்போன ஊர் அது. அவ்வூர்க் குயவர் ஒருவர் வள்ளலார் இராமலிங்க அடிகளின் உருவத்தை மண்ணில் வனைந்து அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாராம். பொன்னான மேனி மண்ணாகிவிட்டதே என்று சொல்லி அடிகள் அதைக் கீழே போட்டு உடைத்தார் என்கின்றன வரலாற்று நூல்கள்.

புகைப்படத்துக்கும் ஒரு கதை உண்டு. சென்னையைச் சேர்ந்த மாசிலாமணி முதலியார் எட்டு முறை படமெடுக்க முயன்றும் வெள்ளாடை மட்டுமே பதிந்தது, உடல் பதியவில்லை என்கிறார்கள். ஒளியுடம்பைக் கருவி எப்படிப் பிடிக்கும் என்பது அன்பர்களின் விளக்கம்.

அன்றைய ஈரத்தகட்டு முறையை அறிந்தவர்கள் வேறு காரணம் காட்டலாம். அதில் தகட்டின் மேல் பூசும் ரசாயனம் நீல ஒளிக்கே வேகமாக இணங்கும். சிவப்பும் பழுப்பும் கருமையாகவே விழும். வெயிலில் பளீரென்ற வெள்ளைத் துணிக்கேற்ப ஒளிபடும் நேரத்தைக் குறுக்கினால் மாநிற முகம் இருளில் போய்விடும்.

எந்த விளக்கத்தை ஏற்றாலும் படத்தின் அமைப்பு அப்படியே இருக்கிறது. அக்கால உருவப்படங்களில் நாற்காலி, தூண், திரைச்சீலை எல்லாமே முகத்தை எடுத்துக்காட்ட நிற்பவை. இங்கே முகம் இல்லை. போர்வை மட்டும் நிற்கிறது.

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி வழியே வடலூர் போய்ச் சத்திய ஞான சபையைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. 1872 ஜனவரி 25 அன்று திறந்த அந்த எண்கோண சபையில் விக்கிரகம் கிடையாது. ஏழு நிறத் திரைகளுக்கு அப்பால் ஒரு விளக்கு. தைப்பூசத்தன்று ஏழு திரைகளும் விலக, சோதி தெரியும். திரைகள் அறியாமையைக் குறிப்பவை, விலக்கப்பட வேண்டியவை. மாசிலாமணி முதலியாரின் தகட்டிலோ திரை தங்கிவிட்டது, அதற்குள் இருந்தவர் இல்லை. அற்புதத்துக்குச் சான்று என்று அந்தத் தகட்டைக் கொண்டாடுகிறவர்கள், வள்ளலாரே வகுத்த முறைப்படி பார்த்தால், திரையோடு நின்றுவிடுகிறார்கள்.

திரைக்கு அப்பால் ஓர் உருவத்தைக் காட்டியவர் அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். 1882-இல் பிரம்மஞான சபையாருக்கு அவர் அளித்த வாக்குமூலம் ஒரு முழு உருவப்படம்: ஓரளவு உயரம், எலும்பும் தோலுமான உடல், நிமிர்ந்த வேகமான நடை, தெளிந்த மாநிறம், நேரான மெல்லிய மூக்கு, கனல் வீசும் பெரிய கண்கள், உடுத்தியவை இரண்டே வெள்ளைத் துணிகள். முகத்தில் எப்போதும் ஒரு சோகம் இருந்தது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார்.

காலண்டர் ஓவியர்கள் அந்தச் சோகத்தை வரைவதில்லை. தலையை மூடிய வெள்ளாடை மடிப்புகூடப் பிசகாமல் வருகிறது. முகம் மட்டும் சாந்தமாக, வழவழப்பாக, வயது தெரியாமல் இருக்கிறது. பிறர் பசியைக் காணச் சகியாமல் 1867 மே 23 அன்று வடலூர்த் தருமச்சாலையில் அடுப்பு மூட்டியவரின் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்திருக்குமா? வேலாயுத முதலியாரின் சொற்களை வைத்து ஓவியர் ஒருவர் அந்த முகத்தைப் புதிதாக வரைந்து பார்க்கலாம்.