பதக்கம் கேட்பது அற்பமா?

"கடமையைத்தானே செஞ்சார், பதக்கத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகணுமா?" கேட்கச் சுலபம்.

1999 கார்கில் போரில் படாலிக் பகுதியில் 70வது காலாட்படைப் பிரிகேடை நடத்தியவர் பிரிகேடியர் தேவிந்தர் சிங். கிடைத்தது போர்ப் பதக்கம் அல்ல, விசிஷ்ட சேவா பதக்கம். மேலதிகாரியின் போர் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று 2010இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் சொன்னது. பதிவுகளைத் திருத்த உத்தரவிட்டது.

பதக்கம் பரிசு, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பதிவு பரிசு இல்லை, சாட்சி. வல்லம் வடகால் மாதிரித் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் தவறாக எழுதிவிட்டால், யாரும் பெருந்தன்மையாக விட்டுவிடுவதில்லை. பழைய வரியை ஒரே கோடாக அடித்து, பக்கத்திலேயே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவாங்க. அடுத்த ஷிஃப்ட் அதை நம்பித்தான் மெஷினைத் தொடும்.

தளபதி அடக்கமாக இருந்துவிடலாம். ஆனால் அதே அறிக்கைக்குள்தான் அவரோடு போய்த் திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் மனு போட முடியாது.