மணல் வாங்கிக்கொள்ளும் அளவு

பெண்ணாடத்துக்குத் தெற்கே வெள்ளாறு ஆண்டில் பல மாதங்கள் வெறும் மணலாகத்தான் கிடக்கிறது. கரையேறினால் கரும்புக் கொல்லைகள், அவற்றைத் தாண்டினால் கரிசல். மழை பெய்த மறுநாள் கரிசலில் இறங்கிய சக்கரம் சுற்றுக்கு ஒரு பிடி மண்ணை அப்பிக்கொண்டே போய், கடைசியில் மண் உருண்டையாகி நின்றுவிடும். மணல் காலை வாரும், கரிசல் காலைக் கவ்வும். இந்த இரண்டு தரையிலும் ஓடக்கூடிய ஓர் இலகுவான வண்டியைச் செய்யப் புறப்படும் இளைஞன் இரும்புக் குழாயை வளைத்துக் கூண்டு கட்டி, நான்கு சக்கரமும் ஓர் இருக்கையும் மாட்டியதும் கேட்கும் முதல் கேள்வி, எந்த என்ஜினைப் போடலாம் என்பதுதான். ‘பக்கி’ என்று அழைக்கப்படும் இந்த வகை வண்டி எந்த நாட்டில் பிறந்தாலும் இந்தக் கேள்வியோடுதான் பிறக்கிறது.

காயலாங்கடையில் விடை குவிந்து கிடக்கிறது. மாருதி 800-இன் 796 சிசி என்ஜின் முதலில் கண்ணில் படும். 1983-இல் தொடங்கி 2014 வரை ஓடிய உற்பத்தி. உதிரிபாகம் கிடைக்காத ஊர் இல்லை. என்ஜின், கியர் பாக்ஸ், ஆக்சில் மூன்றும் ஒரே கட்டாக முன்பக்கம் குறுக்கே உட்கார்ந்திருப்பதால், அந்தக் கட்டை அப்படியே தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடலாம். டாடா நானோவின் 624 சிசி என்ஜின் பிறப்பிலேயே பின்பக்கத்தது; அந்த வகையில் பக்கிக்கு இன்னும் நெருங்கிய உறவு. புல்லட்டின் 346 சிசி என்ஜினின் சத்தத்துக்கு மயங்காதவர் குறைவு. ஆனால் அதற்கு ரிவர்ஸ் கிடையாது. ஆற்று மணலில் புதைந்த நான்கு சக்கர வண்டிக்குப் பின்னால் வர வழியில்லை என்றால் கயிறும் நாலு ஆளும் வேண்டும். டீசல் பிரியர்களுக்கும் ஒரு முன்னோடி உண்டு. சென்னை என்ஃபீல்டு நிறுவனமே ‘டாரஸ்’ என்ற மோட்டார் சைக்கிளில் கிரீவ்ஸ் லொம்பார்டினியின் 325 சிசி டீசல் என்ஜினைப் பொருத்தி விற்றது. வெறும் 6.5 ஹெச்.பி.; பொறுமைசாலிகளின் வாகனம்.

கடைசியாக, யாரும் ஆசைப்பட்டுக் கேட்காத ஆட்டோ என்ஜின். அதில் காற்றே குளிர்விக்கிறது, ரேடியேட்டர் வேண்டாம். ரிவர்ஸ் இருக்கிறது. டிஃபரன்ஷியல் கூடவே வருகிறது. ஏறத்தாழ 10 ஹெச்.பி. சொன்னதும் முகம் சுருங்கும். பத்தா, அது எப்படிப் போதும்?

பெரிய என்ஜின் தனியாக வருவதில்லை. மாருதி என்ஜினோடு ரேடியேட்டர், விசிறி, தண்ணீர், பெரிய பேட்டரி எல்லாம் ஏறுகின்றன. அவற்றைத் தாங்கக் குழாய் தடிக்க வேண்டும்; தடித்த கூண்டைத் தாங்க ஸ்பிரிங் வலுக்க வேண்டும்; அவ்வளவையும் நிறுத்த பிரேக் பெருக்க வேண்டும். இலகுவான வண்டி வேண்டும் என்று தொடங்கியவர், கூரையில்லாத கார் ஒன்றைச் செய்து முடித்திருப்பார்.

1964-இல் கலிஃபோர்னியாவில் ப்ரூஸ் மேயர்ஸ் எதிர்த்திசையில் போனார். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் எந்திரப் பாகங்களை வைத்துக்கொண்டு, கனத்த உடம்பைக் கழற்றிவிட்டு, ஃபைபர் கண்ணாடியில் ஒரு தொட்டி செய்து மாட்டினார். மேயர்ஸ் மேங்ஸ் என்று பெயர். காற்றால் குளிரும் என்ஜின் பின்னால், இழுக்கும் சக்கரங்களின் மேல் எடை அழுந்தும்படி உட்கார்ந்திருந்தது. 1967-இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் நடந்த முதல் பாலைவனப் பந்தயத்தில் வென்றது அந்த எளிய வண்டிதான்.

அந்தத் தீபகற்பத்தின் பெயரில் இன்று பொறியியல் மாணவர்களுக்கு ஒரு போட்டி நடக்கிறது. இந்தியாவில் அது 2007-இல் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவும் வண்டியோடு போயிருக்கின்றன. அங்கே நெடுங்காலம் எல்லா அணிக்கும் ஒரே என்ஜின்: பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன், ஒற்றை சிலிண்டர், 10 ஹெச்.பி. உள்ளே கை வைக்கக் கூடாது. ஆட்டோவுக்குச் சமமான அந்த பலத்தோடு மேடும் பள்ளமும் சேறுமாய் நான்கு மணி நேரம் ஓடி முடிக்க வேண்டும். என்ஜின் பொதுவாகிவிட்டதால் கூண்டின் எடை, கியரின் விகிதம், டயரின் தேர்வு, ஓட்டுபவரின் கால் இவையே வெற்றியைத் தீர்மானிக்கின்றன.

கோயம்புத்தூர் கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியபோது செய்ததும் இதுவே. எல்லாருக்கும் எட்டக்கூடிய மாருதி 800 என்ஜினை எடுத்துக்கொண்டு, வண்டியை இலகுவாக்கினார். பின்னாளில் 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், அந்தச் சின்ன என்ஜின் பந்தயத்தில்தான் தொடங்கினார்.

பத்து எப்படிப் போதும் என்ற கேள்விக்கு மணலே கணக்குச் சொல்லும். ஓட்டுநரோடு சேர்த்து வண்டி 250 கிலோ. அதில் 150 கிலோ பின்சக்கரங்களில் அழுந்துவதாக வைத்துக்கொள்வோம். தளர்ந்த மணல் அந்த எடையில் பாதி அளவுக்குப் பிடிப்புத் தரும் என்பதே தாராளமான கணிப்பு. ஆக, 75 கிலோ இழுவைக்கு மேல் அந்த மணல் ஏற்காது. மீட்டர் முறை ஹெச்.பி. ஒன்று என்பது 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் பலம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். ஆக, அந்த வேகத்தில் மணல் வாங்கிக்கொள்வது ஐந்தரை ஹெச்.பி.; வேகத்தை இரட்டித்தாலும் 11. கியரிலும் செயினிலும் கொஞ்சம் வீணாகும், அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல், மாருதி என்ஜினைப் போல 37 ஹெச்.பி. இருந்தாலும் மிச்சமெல்லாம் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு பலம் என்ற சொல்லையே வேறு விதமாகக் கேட்கிறேன். பலம் எங்கே பிறக்கிறது என்று விசாரித்தே பழகிவிட்டோம். அதன் அளவை வைப்பதோ அதைப் பெற்றுக்கொள்ளும் இடம். பிள்ளை ஒரு கணக்கில் நின்றுவிட்டால் குரலை உயர்த்துகிறோம், டியூஷனைக் கூட்டுகிறோம், நிலத்தை விற்றாவது இன்னொரு வகுப்பில் சேர்க்கிறோம். அன்பில் குறையே இல்லை. ஆனால் சக்கரம் வேகமாகச் சுழல, வண்டி அதே இடத்தில் இன்னும் ஒரு சாண் இறங்குகிறது. மணலில் ஓட்டத் தெரிந்தவர் புதைந்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். இறங்கி, டயரில் காற்றைக் குறைப்பார். டயர் தட்டையாகி முன்னைவிட அகலமாக மணலோடு படிந்துகொள்ளும். அதே என்ஜின், அதே மணல். தொடுகை மட்டும் கூடியிருக்கிறது. வண்டி மெல்ல வெளியே வரும். பிள்ளைக்கு அருகில் உட்கார்ந்து, அவன் எந்த வரியில் நின்றான் என்று பார்க்கிற ஆசிரியர் செய்வதும் அதுவே.

என் தேர்வு ஆட்டோ என்ஜின். பெண்ணாடத்தில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளும் இருக்கும் என்பது கூடுதல் காரணம். வண்டியைச் சொந்தக் கொல்லைக்குள் மட்டும் ஓட்டுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவான வண்டியைக்கூட இஷ்டப்படி மாற்ற இடம் தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திவிட்டது. கையால் கட்டிய கூண்டு, சாலையில் எதிரே வருபவரின் உயிருக்கும் பொறுப்பு.

என்ஜினுக்கு முன்பணம் கொடுக்கும் முன் கூண்டை ஓர் எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். நினைத்ததைவிடக் கூடுதலாகக் காட்டினால், பெரிய என்ஜினைத் தேடிக் கிளம்ப வேண்டாம். கட்டரை எடுத்து, பாதுகாப்புக்குத் தேவைப்படாத குழாய் எது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.